நேராக்கியது நான்தான்

பெருமாநல்லூர் ரோட்டிலிருந்து உள்ளே நாலாவது சந்து.
தகரக் கூரை, இருபத்திரண்டு மேசை.
மேசைகளின் மேல் வெள்ளைப் பனியன்கள்
முதுகு காட்டிப் படுத்திருக்கும்.
அந்த முதுகில் ஒரு தீவை இறக்குவது என் வேலை.

சார்டீனியா என்றது ஆர்டர் தாள்.
செருப்புத் தடம்போல் இருந்தது.
"வலதுகாலா இடதுகாலா" என்று கேட்டார்
பக்கத்து மேசை நஞ்சப்பண்ணன்.

முதல் ஸ்கிரீன் மண் நிறம், தீவு.
அடுத்தது கறுப்பு, கரையில் இறங்கி நடந்த வழி,
மலைக்குள் ஏறி ஏதோ ஓர் ஊரைத் தொட்டுத்
திரும்பி வருகிற கோடு.
கடைசியாக நீலம்.
பாய்ப்படகு போன வழி, புள்ளி புள்ளியாக.
மணிக்கு ஒரு புள்ளி என்று
பிற்பாடுதான் தெரிந்தது.

தெற்கே கிளம்பிய புள்ளிகள்
கிழக்குக் கரையோரம் ஒழுங்காக ஏறின.
வடக்கு முனை தாண்டி மேற்கே திரும்பியதும்
குடித்தவன் சைக்கிள்போல
இந்தப் பக்கம் அந்தப் பக்கம் அலைந்தன.
தப்பாக வரைந்துவிட்டார்கள் என்று நினைத்தேன்.
பிலிம் போடும் பையன் சாப்பிடப் போயிருந்தான்.
மௌஸை நானே பிடித்து
நாற்பத்தியொரு புள்ளியை அழித்து
ஒன்பது புள்ளியில் நேராக்கினேன்.
பார்க்கச் சுத்தமாக இருந்தது.

திகம்பர் எனக்கு எதிரே சட்டம் பிடிப்பவன்.
கேந்திரபாடாவிலிருந்து வந்து ஏழு மாசம்.
அப்பன் மீன் பிடிக்கிறவராம்.
சாயத்தை வழித்துக்கொண்டே சொன்னான்:
"அண்ணா, முன்ன வேற மாதிரி இருந்துச்சு."
"தப்பா இருந்துச்சு."
"காத்து எதுக்க நின்னா படகு அப்பிடித்தான் போகும்."
"நீ சட்டத்தப் புடி."

மூவாயிரத்து இருநூறு முதுகு.
நாளுக்கு எண்ணூறு தடவை
வெறுங்காலோடு மேசையைச் சுற்றினேன்.
ஒவ்வொரு தடவையும் அந்த மூலையை
ஒரே இழுப்பில் கடந்தேன்.

பதில் வந்தது. கோகிலவாணி மேடம்
தமிழில் சொன்னார்கள்:
அந்த இடத்தில் இரண்டு பகல், ஓர் இரவு
காற்று எங்களை விடவில்லை.
ஒரு மைல் முன்னால் போக
நாலு மைல் பக்கவாட்டில் போனோம்.
ஊருக்குத் திரும்பிய பின் நாங்கள் பேசுவதெல்லாம்
அதைப் பற்றித்தான்.
நீங்கள் அதை மட்டும் எடுத்துவிட்டீர்கள்.

கோபமாகக்கூட எழுதவில்லை.

முதலாளி கத்தவில்லை, கணக்குப் போட்டார்.
என் சம்பளத்தில் நாலு வாரம்.
சட்டம் பிடித்தவன் என்று திகம்பருக்கும் ஒரு வாரம்.
நான் வாயைத் திறந்திருக்கலாம்.
சரக்கு காதர்பேட்டைக்குக் கிலோக் கணக்கில் போனது.

அப்புறம் போகிற இடமெல்லாம் தீவு.
காங்கயத்தில் தேங்காய் உரிக்கிறவர் முதுகில்.
புளியம்பட்டிச் சந்தையில்
நகர மறுத்த வெள்ளாட்டை
இழுத்துக்கொண்டு போனவர் முதுகில்.
ஊத்துக்குளி ரயில்வே கேட்டில்
எனக்கு முன்னால் நின்ற பைக்கில் இரண்டு.
பள்ளி விட்டு வந்த ஒரு பிள்ளைக்கு
அது முழங்காலைத் தொட்டது.
காற்றே இல்லாத ஒரு கடலை
இவர்கள் எல்லோரும் சுமந்து திரிகிறார்கள்,
என்னால்.

இன்றைக்கு ஆடி எட்டு.
கேத்தனூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில்
ராத்திரி ஷிப்ட் இருக்கிறதாம்,
திகம்பரைக் கொண்டுபோய் விடுகிறேன்.
மடியில் அவன் பெட்டி.
அந்த ஒரு வாரக் காசு என் சட்டைப் பையில்,
எப்படிக் கொடுப்பது என்று தெரியாமல்.

பல்லடம் தாண்டியதும்
பாலக்காட்டுக் கணவாய் வாயைத் திறந்தது.
காத்தாடிகள் எல்லாம் மேற்கே பார்த்துச் சுற்றின.
மொபெட் முக்கியது. முறுக்கினேன்.
நின்ற இடத்திலேயே நிற்பதுபோல் இருந்தது.
வாய் நிறைய மண்.

"அண்ணா," என்றான் காதருகே,
"கொஞ்சம் வளைச்சு ஓட்டுங்க."

ரோட்டில் அது உதவாது என்று
அவனுக்கும் தெரிந்திருக்கும்.
முன்னும் பின்னும் பார்த்தேன், லாரி எதுவுமில்லை.
இடது ஓரம் போய், வலது ஓரம் வந்து,
மறுபடி இடது.
பின்னால் அவன் பனியன் உப்பிக்கொண்டு
படபடவென்று அடிப்பது கேட்டது.