மேட்டூர் நீர்மட்டம்

வல்லம் தாண்டித் திருச்சி சாலையில் அந்தப் பூங்கா.
உள்ளே போனதும் நான் முதலில் பார்த்தது
சுவரில் எழுதியிருந்த அடிக்கணக்கை:
இரண்டு, மூன்றரை, ஐந்து.
மதகு லஸ்கருக்குக் கண் வேறெங்கே போகும்?
பதினாறு வருஷமாய் நீடாமங்கலத்தில்
ஷட்டர் திருகித் திருகிக் காய்த்த கை.

மே மாதம். வெண்ணாற்றில் மணல்தான்,
நாணல் ஓரம் ஆடு மேய்கிறது.
தலைக்கு அறுநூறு கொடுத்துத்
தண்ணீர் பார்க்க வந்திருக்கிறோம்.

சட்டமெல்லாம் வேனிலேயே சொல்லியாச்சு.
ஈரத் தரையில் ஓடக் கூடாது.
அந்தத் தண்ணி வாய்க்குள்ளே போகக் கூடாது.
சறுக்கில் கால் முன்னால், கை மார்பில்.
உப்புப் போட்ட மோர் இரண்டு கேன்,
தாகம் இல்லாவிட்டாலும் மணிக்கு ஒரு டம்ளர்.
"முறைப்பாசனமா?" என்றாள் வசுமதி.

சின்னவள் பூங்கோதைக்கு முந்தின நாள்தான்
வயிற்றுப்போக்கு நின்றிருந்தது.
இறங்கக் கூடாது என்றுவிட்டேன்.
ஊரே முங்குகிற தொட்டி, அடுத்தவன் பிள்ளைக்கும் ஒட்டும்,
நான் சொன்ன நியாயம் ஏழு வயசுக்கு ஏறவில்லை.
புது நீச்சலுடையைக் கழற்றாமல்
என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்,
முதுகைக் காட்டிக்கொண்டு.

மூன்று மணிக்குச் சங்கு ஊதி அலை விட்டார்கள்.
எழிலரசுவைக் கையெட்டும் தூரத்தில்
வைத்திருந்தாள் வசுமதி.
மற்றதெல்லாம் தலைகள், டியூப்கள், பாட்டு இரைச்சல்.

போனில் ஒரு செய்தி.
எங்கள் செக்‌ஷன் குழுவில் தினமும் வருவது:
மேட்டூர், இன்றைய நீர்மட்டம்.
எழுபத்து நாலு அடி சொச்சம்.
ஜூன் பன்னிரண்டுக்கு இது போதுமா,
கடைமடை வரைக்கும் போய்ச் சேருமா,
கணக்குப் போட்டேன்.

"அப்பா, அந்த அண்ணன் ஏணி ஏறுறான்.
அங்க ஏணியே இல்ல."

ஐந்தடிக் கோட்டுக்கு அப்பால் ஒரு பையன்.
கத்தவில்லை.
கையை ஆட்டவில்லை.
தலை பின்னால் சாய்ந்து
வாய் மட்டும் தண்ணீர் மட்டத்தில்
மூடியது, திறந்தது, மூடியது.
கூப்பிடக்கூட மூச்சு வேண்டுமே.

நான் எழுந்து குரல் எடுப்பதற்குள் விசில்.
அலை நின்றது.
காவல் மேடையிலிருந்த பெண்
சிவப்பு மிதவையோடு குதித்திருந்தாள்.
கரையில் போட்டதும் இருமினான், கக்கினான், அழுதான்.
அழுகை கேட்டுத்தான் அவன் அம்மா திரும்பினாள்.
அவள் கையிலும் போன்.
நான் என்னுடையதைச் சட்டைப்பைக்குள் தள்ளினேன்.

"ராத்திரி பூரா பாருங்கக்கா," என்றாள் காவல் பெண்,
தலைமுடியைப் பிழிந்தபடி.
"இருமல் நிக்கலேன்னா, மூச்சு இழுத்தா,
விடியிற வரைக்கும் காத்திருக்காதீங்க. ஆஸ்பத்திரி."
மேடையேறித் திரும்பவும்
தலைகளை எண்ணத் தொடங்கினாள்.

திரும்பும்போது வேனில் எல்லோரும் தூக்கம்.
ஒரு சொட்டு நனையாத நீச்சலுடையில்
பூங்கோதை மட்டும் விழித்திருந்தாள்.

"அப்போ நீ என்னப்பா பாத்துக்கிட்டிருந்த?"

"தண்ணிதான்."

"எந்தத் தண்ணி?"

வெண்ணாற்றுப் பாலம் வந்தது.
கேனில் அடிமோர் கொஞ்சம் இருந்தது,
அவளுக்கு ஊற்றிக் கொடுத்தேன்.