இந்தக் கரைக் கடிகாரப்படி

வில்யா,
சாவி வலது கையுறைக்குள் இருக்கிறது.
இடது கையுறையை இர்யா எங்கேயோ ஒளித்துவிட்டாள்,
தேடாதே.

வாசலில் கிடந்த கறுப்பு விரிப்பைச் சுருட்டிவிட்டேன்.
அது விரிப்பு இல்லை, பள்ளமாம்.
மூன்று நாள் அதன் விளிம்பில் நடுங்கி நின்றாள்.
நானும் மூன்று நாள் அதன்மேல் ஏறி ஏறி மிதித்து
விரிப்புதான் விரிப்புதான் என்று
நிரூபித்துக்கொண்டிருந்தேன்.
சுருட்டி வைக்க ஒரு நிமிடம் போதுமென்று
நான்காம் நாள்தான் உறைத்தது.

அம்மா எங்கே என்று கேட்பாள்.
இறந்துவிட்டாள் என்று ஒருமுறை சொல்லிவிட்டேன்.
அன்றைக்குத்தான் இறந்ததுபோல் அழுதாள்.
மறுநாளும் கேட்டாள்.
ஒரே அம்மாவை எத்தனை தரம் புதைப்பது?
இப்போதெல்லாம் நான்
சால்மன் சூப்பில் உன் அம்மா
சதகுப்பையை எப்போது போடுவாள் என்று கேட்கிறேன்.
"அடுப்பை அணைத்த பிறகு, மடையா."
அதில் ஒருநாளும் தவறியதில்லை.

கோபம் வந்தால் ஷூ பெட்டியை எடுத்துக் கொடு.
உள்ளே பழைய கடித உறைகள்.
முப்பத்தோரு வருடம் கெமி தபால் நிலையத்தில்
கடிதம் பிரித்தவள்.
எந்த ஊரைச் சொன்னாலும்
அஞ்சல் எண் ஐந்து இலக்கமும் சொல்வாள்.
என் பெயரை மட்டும் கேட்டுவிடாதே.

மகள் எஸ்போவிலிருந்து அழைப்பாள்.
நன்றாக இருக்கிறோம் என்று சொல்லாதே.
அதைச் சொல்ல நான் இருக்கிறேன்.

இந்த நான்கு மணி நேரம்
எங்கே போகிறீர்கள் என்று கேட்டாய்.
நீச்சல் குளம் என்றேன்.
துறைமுகத்தில் காரை நிறுத்தி,
ஹீட்டரைப் போட்டுவிட்டு,
பனியுடைக்கும் கப்பல் கண்ணில் பட்ட மாத்திரத்தில்
தூங்கிப்போகிறேன்.

போன வியாழன் தூங்கவில்லை.
சாலை போன போக்கில் போனேன்.
தோர்னியோ, பாலம், அப்புறம் ஸ்வீடன்.
அந்தக் கரையில் கடிகாரம் ஒரு மணி பின்னால் ஓடும்,
தெரியும்தானே.
ஏலக்காய் பன் ஒன்று வாங்கிக்கொண்டு
ஏற்கெனவே ஒருமுறை வாழ்ந்து முடித்த
அந்த ஒரு மணி நேரத்துக்குள் உட்கார்ந்திருந்தேன்.
திரும்ப வேண்டாம் என்று நினைத்தேன்.
பதினோரு நிமிடம்.
இதை உன் பதிவேட்டில் எழுதாதே.

செவ்வாய் மாலை இர்யா என்னிடம்
மிக மரியாதையாகச் சொன்னாள்:
"நல்ல மனிதர் நீங்கள்.
ஆனால் கிளம்பிவிடுங்கள்,
தைஸ்தோ ஆலையிலிருந்து வருகிற நேரம்."

ஐம்பத்திரண்டு வருடத்தில் கேட்காத கேள்வி,
அன்று கேட்டேன்.
எப்படிப்பட்டவன் உங்கள் தைஸ்தோ?

ஸ்வெட்டரின் பொத்தானைத் திருகியபடி யோசித்தாள்.
"குறட்டை விடுவான்.
சண்டை வந்தால் பேசமாட்டான்,
படகுக் கொட்டகைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வான்.
நான் போய்க் கூப்பிடுவதில்லை.
பசித்தால் வந்துவிடுவான்."
கொஞ்சம் கழித்து:
"பசிக்காவிட்டாலும் வந்துவிடுவான்."

கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனேன்.
மைனஸ் பத்தொன்பது.
பக்கத்து வீட்டுக்காரன் பனி அள்ளுவதை நிறுத்திவிட்டு
என்னைப் பார்த்தான்,
என் வீட்டு மணியை நானே அடிப்பதை.

கதவைத் திறந்தாள்.
"லேட்" என்றாள்.
காலணியில் ஒட்டிய பனியை
வெளியே தட்டிவிட்டு வரச் சொன்னாள்.

உன்னையும் போகச் சொன்னால்
வாதாடாதே வில்யா,
போ.
தொப்பியை மறந்துவிடாதே.
மணி சற்று இறுகியிருக்கும், அழுத்திப் பிடி.

நான் நாலு மணிக்கு வந்துவிடுவேன்.
இந்தக் கரைக் கடிகாரப்படி.