கண் கிளினிக்

இடக்கையின்ர உட்பக்கத்தில ரெண்டு குச்சி.
போன வைகாசி, ஒட்டுசுட்டானில வைச்சது.
தடவிப் பார்த்த ஜெயகௌரி மிஸ்ஸி
கொஞ்சம் மேல இன்னொண்டைத் தொட்டு
இதென்ன எண்டு கேட்டா.
செல் துண்டு மிஸ்ஸி, பழசு.
அது ஒண்டும் செய்யாது எண்டா.
அஞ்சு வருசத்துக்கு நீ யோசிக்கத் தேவையில்லை எண்டா.

வேற மருந்தேதும் எடுக்கிறியோ எண்டதுக்கு
இல்லை எண்டு சொன்னது நான்தான்.
மிஸ்ஸியின்ர தங்கச்சி எங்கட ஒழுங்கை.

ராக்குளிசை வவுனியாவில.
மாதத்தில ஒருநாள், விடிய அஞ்சரை பஸ்,
மாங்குளத்தில மாறி ஏறவேணும்.
எங்க போறாய் எண்டால் கண் கிளினிக்.
நாலு வருசமாய் என்ர கண்ணுக்கு வருத்தம்.

போத்தலின்ர லேபலைக் கிழிச்சு
உளுந்து டின்னுக்குள்ள வைச்சிருக்கிறன்.
ஒன்பது மணிக்கு ஒண்டு.
தலை சுத்தும், பிறகு கனவு, நிறம் நிறமாய்.
ஒருநாள் முத்தையன்கட்டுக் குளம் முழுக்கச் செம்மஞ்சள்,
அதுக்கு மேலால இவர் நடந்து போறார்
கால் நனையாமல்.
இவருக்கும் அதே குளிசைதான்.
கனவு வாறேல்லையாம்.

தையில நாள் தள்ளிப்போச்சு.
கச்சான் பிடுங்கின அலுப்பெண்டு இருந்தன்.
மாசியும் தள்ளினது.

டொக்டர் நுஸ்ராவுக்குக் கையைக் காட்டினன்.
அவ பேனையைக் கீழ வைச்சா.
இதை ஏன் முந்திச் சொல்லேல்லை?
நீங்கள் கேக்கேல்லை டொக்டர்.
ஃபானின்ர சத்தம் மட்டும் கொஞ்ச நேரம்.

பிறகு துண்டுக் கடதாசியில ஈரலைக் கீறினா.
ராக்குளிசை போய் அதைத் தட்டி எழுப்புதாம்.
எழும்பின ஈரல்
குச்சியில இருந்து கசியிற மருந்தை
வேலை செய்ய முதலே தின்னுதாம்.
குச்சியில பிழையில்லை. குளிசையிலயும் பிழையில்லை.
ஈரலோட கொழுவாத குளிசை வேற இருக்கு,
இல்லாட்டி மூண்டு மாத ஊசி எண்டா.
அது இனிமேலைக்கு.
இதுக்கு?
நான் வயித்தில கை வைச்சன்.
பிள்ளைக்கு வராமல் பார்க்கலாம்,
குளிசையை மட்டும் ஒருநாளும் விட்டிடாதை எண்டா.

கனகராயன்குளம் தாண்டேக்கை
பைக்குள்ள இருந்து ரெண்டு அட்டையையும் எடுத்தன்.
வவுனியா அட்டையில பேரில்லை, இலக்கம்.
ஒட்டுசுட்டான் அட்டையில
என்ர பேர், இவரின்ர பேர், ஒழுங்கையின்ர பேர்.
பக்கத்துச் சீற்றில இருந்தவ எட்டிப் பார்த்தா.
மடிச்சு உள்ளுக்கு வைச்சிட்டன்.

வெள்ளிக்கிழமை மிஸ்ஸி வருவா.
கையைப் பிடிச்சுத் தடவிப் பார்ப்பா.
ரெண்டும் இடத்திலதானே இருக்கு பிள்ளை,
பிறகெப்பிடி எண்டு கேப்பா.