நொடிக்குப் பதினொரு மீட்டர்

படிவம் ஏழு. வலி: பூஜ்யம் முதல் பத்து வரை.
பணகுடி இஸ்ரவேலிடம் கேட்கிறேன்.
வலது கன்னத்தைத் துண்டால் பொதிந்து
வாயின் இடது ஓரத்தால் மட்டும் பேசுகிறார்:
‘பத்துக்கு மேல எண்ணவே படிக்கலையா நீங்க?’

காற்றாலையில் வேலை.
எண்பது மீட்டர் ஏணி ஏறி
இறக்கைக்குப் பின்னால் நின்று போல்ட் முறுக்குகிறவர்.
ஆனி பிறந்து ஆரல்வாய்மொழிக் கணவாய் திறந்தால்
ஊருக்கெல்லாம் கரண்ட்.
அவர் கன்னத்திலும் கரண்ட்.
முதலில் பல் என்றார்கள்.
மூன்று கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிய பிறகுதான்
நரம்பு என்றார்கள்.

பழைய மாத்திரை வலியை அமர்த்துகிறது,
தலையையும் சுற்ற வைக்கிறது.
தலை சுற்றுகிறவனை ஏணியில் ஏற்ற மாட்டான் சூப்பர்வைசர்.
அதனால்தான் புது மாத்திரைக்குக் கையெழுத்துப் போட்டார்.
புட்டியில் இருப்பது மருந்தா மாவா,
அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியாது,
டாக்டருக்கும் தெரியாது.
‘தெரிஞ்ச ஒருத்தன் எங்கயாவது இருப்பாம்லா?’
இருக்கிறான், ஹைதராபாத்தில்,
ஒட்டிய உறை ஒன்றைப் பூட்டி வைத்துக்கொண்டு.

வலி நாட்குறிப்பைத் தந்தார்.
செவ்வாய், எட்டு. காற்று நொடிக்குப் பதினொரு மீட்டர்.
புதன், மூன்று. காற்று நாலு.
வியாழன், பத்து. காற்று பதினாலு. மக முத்தம் தந்தா.

காற்றுக்கு என் படிவத்தில் கட்டம் இல்லை.
மகளுக்கும் இல்லை.
‘குறிப்பு’ என்று நகம் அளவு ஓரிடம் இருந்தது.
இரண்டையும் அங்கே நெருக்கி எழுதினேன்.

அடுத்த அறை, அடுத்த ஆய்வு.
ஐகிரவுண்டில் இரண்டுக்கும் ஆள் நான் ஒருத்திதான்.
முக்கூடல் ஆவுடைத்தாய் வலது கையை நீட்டுகிறாள்.
இடது பக்கம் அறுத்தது, அந்தக் கையில் ஊசி கூடாது.
நாளுக்கு எழுநூறு பீடி சுற்றின கை.
‘நரம்பு தேடவே வேண்டாம், தானா வந்து நிக்கும்’ என்கிறாள்.
அவளுக்கு இதுவும் நரம்புதான்.

‘ரத்தத்துல என்னத்தத் தேடுதிய?’
‘ஒரு அடையாளம், ம்மா. நோய் திரும்பி வருமான்னு
முன்கூட்டியே காட்டிக் கொடுக்கிற அடையாளம்.’
சிரித்துவிட்டாள்.
‘எட்டாங்கிளாஸ் சர்டிபிகேட்டுல
நெஞ்சுக்கு இடப்புறம் ஒரு மச்சம்னு எழுதியிருக்கு.
அதையும் சேத்துல்லா வெட்டிட்டாவ.
இனி நாந்தான் ஆவுடைத்தாய்னு
எதைக் காட்டிச் சொல்ல?’

கண்டுபிடித்தால் எனக்குச் சொல்வீர்களா என்றாள்.
நாலாம் பக்கத்தில் இருக்கிறது: மாட்டோம்.
வாசித்துக் காட்டினேன்.
பேர் இருக்காது, எண் இருக்கும்.
இப்படி ஐந்நூறு எண் சேர்ந்து, பத்து வருசம் போய்
யாரோ ஒருத்திக்கு ஆகலாம்.
‘யாரோன்னா?’
என்னிடம் பதில் இல்லை.
பஞ்சை அழுத்தியபடி கொஞ்ச நேரம் பார்த்திருந்தாள்.
‘அவளுக்கும் ஒரு பேரு இருக்கும்லா’ என்று
அடுத்த குழாயைத் தானே எடுத்துத் தந்தாள்.

மைனஸ் எண்பதில் மூன்றாம் தட்டு.
ஸ்டிக்கர் ஒட்டும்போது விரல் நுனி மரத்தது.

ஆடியில் ஹைதராபாத்திலிருந்து கடிதம்:
குறிப்புக் கட்டத்தில் தொடர்பற்ற தகவல். நீக்கவும்.

நீக்கும் விதி எனக்கு மனப்பாடம்.
வெள்ளை மை பூசக் கூடாது. கிறுக்கக் கூடாது.
ஒற்றைக் கோடு, பக்கத்தில் சுருக்கொப்பம், தேதி.
அடித்தது தெரிய வேண்டும்,
அடியில் இருப்பதையும் வாசிக்க முடிய வேண்டும்.

அடிக்கோல் வைத்து மெல்ல இழுத்தேன்,
பதினொன்றின் மேல், நாலின் மேல், பதினாலின் மேல்,
பிறகு அந்த முத்தத்தின் மேல்.
தூக்கிப் பிடித்துப் பார்த்தேன்.
வாசிக்க முடிகிறது.

சன்னல் கொக்கி அடித்துக்கொண்டே இருந்தது.
வராந்தாவில் துண்டை இழுத்துவிட்டபடி
இஸ்ரவேல் உட்கார்ந்திருக்கிறார்.
எழுந்து போய்
அவர் பக்கத்துக் கதவை முதலில் சாத்தினேன்.