முன்னூற்றுப் பன்னிரண்டு படிவங்கள்

சேர்க்காட்டு வளாகத்தில் மார்ச்சிலேயே தார் இளகும்.
மூன்றாம் ஆண்டு வணிகவியல் வகுப்பு,
இரண்டு மின்விசிறி, ஒன்றுதான் ஓடுகிறது.
படிவங்களை நீட்டி
'பெயர் எழுத வேண்டாம்' என்று இருமுறை சொல்கிறேன்.
முதலில் பெயரைத்தான் எழுதுகிறார்கள்.

சொந்தத் தொழில் தொடங்குவதே என் குறிக்கோள்.
முற்றிலும் உடன்பட்டால் ஐந்து.
முற்றிலும் மறுத்தால் ஒன்று.
மூன்று என்றால்
வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்.

ராணிப்பேட்டையில் மூன்று லாரி ஓடும் வீட்டுப் பையன்
எல்லாவற்றுக்கும் ஐந்து போட்டான், படிக்காமலே.
ஆம்பூரில் ஷூ மேல்தோல் தைத்த யூனிட்டுக்குப்
பூட்டுப் போட்டவரின் மகன்
'தோல்வியைக் கண்டு அஞ்சமாட்டேன்' என்ற வரியில்
பேனா முனையை வைத்தான், எடுக்கவில்லை.
மை ஊறி அடுத்த பக்கத்துக்கும் இறங்கிவிட்டது.
அதை எந்த எண்ணாகக் கணினியில் ஏற்றுவது?
'என் முடிவைக் குடும்பம் ஆதரிக்கும்' என்பதற்கு
'எந்த முடிவ சார்?' என்றாள் முன்பெஞ்சில் ஒருத்தி.
வகுப்பு சிரித்தது.
அவள் சிரிக்கவில்லை.

நூற்று நாற்பத்தேழு, சலோமியுடையது.
தொழில்முனைவோர் யாரையாவது நேரில் தெரியுமா? இல்லை.
முன் அனுபவம்? இல்லை.
தொடங்கும் எண்ணம்? இரண்டு.
ஓரத்தில் பென்சிலால் ஒரு கணக்கு மட்டும்:
இருபத்திரண்டில் நாலு போக, பெருக்கல் முப்பது.
படிவத்தின் ஓரம்
ஆய்வில் சேராது.

ஏப்ரலில் ஒரு சாயங்காலம்,
ஆஸ்பத்திரிக்கு எதிரே
வங்காள எழுத்தில் பெயர்ப்பலகை தொங்கும் லாட்ஜ் சந்தில்
அவளைப் பார்த்தேன்.
மாடிப்படிக்கு அடியில் மின்னடுப்புகள், குக்கர், வாளி,
மடக்கி வைத்த சக்கர நாற்காலி இரண்டு.
'கொத்தோ தின்?' என்கிறாள்,
மால்டாவிலிருந்து இரண்டு ராத்திரி ரயிலில் வந்தவரிடம்.
எத்தனை நாள்.
அவர் தன் மனைவியைப் பார்க்கிறார்.
மனைவி மருத்துவச் சீட்டைப் பார்க்கிறாள்.
அடுப்பு நாளுக்கு முப்பது. வாளி சும்மா.

இதுதானே தொழில் என்றேன்.
'ஐய, இன்னா சார்! இது ஃபீஸ் கட்டறதுக்குப் பண்றது.
போன மாசம் ஆடிட்டோரியத்துல கோட்டு போட்டு
ஒருத்தர் பேசினாரே, அதான் தொழில்.'
அப்போது அந்த நாலு?
'நாலு அடுப்புக்கு வாடகை வாங்கல.'
குக்கர் மூடியைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்:
'கூட வந்தவங்க தனியா ஊருக்குப் போனாங்க.'

நெறியாளர் திரையைத் தட்டினார்:
நூற்று நாற்பத்தேழு விலகிய புள்ளி,
எடுத்துவிட்டால் கோடு பொருந்தும்.
எடுத்தேன். பொருந்தியது.
குடும்பப் பின்னணி, பாடத்திட்டம், தன்னம்பிக்கை
மூன்றுக்கும் பக்கத்தில் நட்சத்திரம் முளைத்தது.
ஐந்தாம் இயலில் பரிந்துரைகள்,
எட்டும் நான் எழுதியவை:
மாணவர் துணிய வேண்டும்.
அதை எழுதிய மேசையில்தான் கிடந்தது
என் குரூப் டூ தேர்வு நுழைவுச்சீட்டு.
எனக்கு யாரும் படிவம் நீட்டவில்லை.
நீட்டியிருந்தால் ஒன்று போட்டிருப்பேன்,
முதல் கேள்விக்கே,
தாள் கிழியும்படி.

சந்தைவிட்டுக் கிளம்பும்போது அவள் கூப்பிட்டாள்.
'சார், அந்தப் படிவம், ஜெராக்ஸ் பக்கத்துக்கு எவ்ளோ குடுத்தீங்க?'
ஒரு ரூபாய்.
'அய்யோ. தோட்டப்பாளையத்துல
முக்கா ரூபாய்க்கு முடிச்சுக் குடுத்திருப்பேனே.
அடுத்த தடவ சொல்லுங்க.'

படிவத்துக்கு நாலு பக்கம், முன்னூற்றுப் பன்னிரண்டு படிவம்.
காட்பாடி பஸ் பாலாற்றுப் பாலத்தில் ஊர்ந்தபோது
விரல்விட்டுப் பெருக்கிப் பார்த்தேன்.
விருதம்பட்டு தாண்டி
மறுபடியும் பார்த்தேன்.
அவள் சொன்னதுதான் சரி.