முப்பது கிராம்

இறகு அறையில் மின்விசிறி கிடையாது.
போட்டால் செத்த வாத்தெல்லாம் மறுபடி பறக்கும்.
ராணிப்பேட்டை, மே மாதம்.
முகமூடிக்குள் என் மூச்சை நானே குடித்தபடி
தராசில் வைக்கிறேன் முப்பது கிராம்.

கண்ணாடி உருளையில் கொட்டித் தட்டை இறக்கி
ஒரு நிமிடம் பொறுத்துக் கோட்டைப் பார்க்கணும்.
எண்ணூறு என்றால் முதல் தரம்.
அறுநூற்றைம்பது கொஞ்சம் கீழேயே களைத்து நிற்கும்.
எடை ஒன்றுதான்.
எவ்வளவு காற்றைப் பிடித்து வைக்கிறது,
சங்கதி அவ்வளவுதான்.
சூடு இறகுடையது இல்லை.

தையல் பிரிவுத் துலுக்காணம் ஒத்துக்கொள்ளவில்லை.
ஒரே இறகு, ஒரே எடை
ஜாக்கெட்டில் அடைத்தால்தான் கதகதப்பு என்றான்,
உடம்போடு ஒட்டி நிற்குமாம்.
ஜாக்கெட் ஆளைக் கூறு போடும்,
கை தனி, கை தனி, கால் அநாதை;
தூங்குபையில் காலும் காலும் பேசிக்கொள்ளும் என்றேன் நான்.
பந்தயம் ஆம்பூர் பிரியாணி.

கத்திரி வெயிலில் வேலூரில்
குளிருக்கு எங்கே போவது?

சத்துவாச்சாரியில் புளி வைக்கும் குளிர்கிடங்கு.
காவலாளி அவனுக்கு மாமன் முறை.
நாலு டிகிரி.
ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்
தையல் விலகிய ரிஜெக்ட் ஜாக்கெட்டில் நான்,
ஜிப் பழுதான பைக்குள் அவன்,
சுற்றிலும் கூரைவரை புளிமூட்டை.
நாக்கு ஊறியது, பல் கிட்டித்தது.

இருபது நிமிடத்தில் எனக்குத் தொடை மரத்தது.
மார்பு மட்டும் சித்திரை.
சொல்லவில்லை.
அவனும் சொல்லவில்லை, ஆனால்
புரண்டு புரண்டு படுத்தான்.
முதுகின் கீழே இறகு நசுங்கிவிட்டது,
நசுங்கிய இறகு வெறும் துணி.
சிமெண்டுத் தரை நேரே எலும்பில் ஏறும்.

"மாத்திக்கலாமா?"
யார் கேட்டது என்று இப்போது இருவருக்கும் வழக்கு.

பைக்குள் நுழைந்தேன்.
உள்ளே ஏற்கெனவே சூடு.
என்னுடையது இல்லை.
பாதத்தருகே கூட இருந்தது,
அவன் கால்கள் விட்டுப்போனது.
அசையாமல் படுத்திருந்தேன்.
அசைந்தால் கழுத்து வழியே வெளியேறிவிடும்.
இதை எந்தக் கணக்கில் கழிப்பது?
உருளையில் இதற்குக் கோடு போடவில்லை.

அவனும் ஜாக்கெட்டின் ஜிப்பைத்
தாடைவரை ஏற்றிக்கொண்டு
ரொம்ப நேரம் பேசாமல்
ஒரு மூட்டையின் எடைச்சீட்டைப் படித்துக்கொண்டிருந்தான்.

வெளியே வந்தால் நாற்பத்திரண்டு.
தார் செருப்பைப் பிடித்தது.
"எதுப்பா ஜெயிச்சுது?" மாமன் கேட்டார்.
"புளி" என்றான்.

அவன் புருவத்தில் வெள்ளையாய் ஒரு தூவி,
வியர்வையில் ஒட்டி, உப்பாமல்.
ராணிப்பேட்டை வண்டி வரும்வரை
நான் சொல்லவில்லை.