அறுநூற்றுத் தொண்ணூற்றொன்று

ராயக்கோட்டைச் சாலையில்
கைவிட்ட கல்குவாரியின் அடியில் ஒரு தகரக் கொட்டகை.
உள்ளே ஈயக் கட்டிகளால் எழுப்பிய சின்னக் கிணறு.
கிணற்றுக்குள், என் கைமுட்டி அளவு ஜெர்மானியம்,
பூஜ்யத்துக்குக் கீழே நூற்றுத் தொண்ணூற்றாறு டிகிரியில்
விழித்திருக்கிறது.

அதன் பேச்சு எனக்குப் பழக்கம்.
பொட்டாசியம் என்றால் ஓர் ஊசி.
கருங்கல்லில் கிடக்கும் தோரியம் சற்றுத் தள்ளி இன்னொன்று.
காமாக் கதிர் எதுவானாலும்
தன் எண்ணில் வந்து நேராக, ஒல்லியாக நிற்கும்.

அறுநூற்றுத் தொண்ணூற்றொன்றில் மட்டும்
ஒரு முக்கோணம்.

முதல் நாள் பதிவேட்டில் எழுதினேன்:
பக்கத்துக் குவாரியில் வெடி. அதிர்வு.
மூன்றாம் நாள்: வயர் சரியில்லை.
எட்டாம் நாள்: படிகம் பழுதாகியிருக்கலாம்.
எழுதிவிட்டு அன்றிரவு சாப்பிடவில்லை.
கடன் வாங்கிய கருவி.

சனிக்கிழமை திம்மராயன் வந்தார்,
கால்நடைத் துறை வண்டியில், திரவ நைட்ரஜனோடு.
"சீக்கிரம் மேடம், கெலமங்கலத்துக்கு
இன்னும் நாற்பது உறைவிந்துக் குச்சி போகணும்."
பிறக்காத கன்றுகளுக்குப் போக மிஞ்சிய குளிர்தான்
வாராவாரம் எனக்கு.

அவர் ஊற்றினார். வெண்புகை தரையில் படிந்து
வாசலைத் தாண்டிப் போயிற்று.
கண் அதன் பின்னாலேயே போய்
எதிர்ப் பாறையில் முட்டியது:
இடப்பக்கம் ரம்பம் அறுத்த நெட்டைச் சுவர்,
வலப்பக்கம் சக்கை கொட்டிய சரிவு.

திரும்பித் திரையைப் பார்த்தேன்.
சரிவு வலப்பக்கம்!
பழுதான படிகத்துக்கு வால் இடப்பக்கம் அல்லவா முளைக்கும்?
பழுது எதையாவது தொலைக்கும்.
ஒருபோதும் கூட்டித் தராது.
இங்கே யாரோ கூட்டியிருக்கிறார்கள்.

வேக நியூட்ரான்.
மின்னூட்டம் இல்லாத ஆள்,
ஈயத்திடம் பெயர்கூடச் சொல்லாமல் நுழைந்து
ஒரு ஜெர்மானிய அணுக்கருவைத் தோளில் இடித்துவிட்டுப்
போயே போய்விட்டது.
இடிபட்டது தடுமாறியது; கிளர்ந்ததைக் கொட்டி ஆறியது.
கொட்டுவது எப்போதும் ஒரே அளவு.
தடுமாற்றம்தான் ஒவ்வொன்றுக்கும் வேறு.
லேசாக இடிபட்டவை சுவரோரம் நிற்கின்றன,
பலமாக இடிபட்டவை சரிவின் கடைசியில்.
நியூட்ரானை நான் பார்க்கவில்லை.
இடிபட்டவற்றின் வரிசையைப் பார்த்தேன்.

எங்கிருந்து வந்தது?
வானத்திலிருந்து கொஞ்சம்.
மீதிக்குக் கணக்குப் போட்டபோது சிரிப்பு வந்தது:
மியூவான் பட்ட அதிர்ச்சியில்
காவலுக்கு நான் அடுக்கிய ஈயமே
பெற்றுப் போட்டிருக்கிறது.

ஒவ்வோர் இடியும் படிகத்தில் ஒரு வடு.
வடுக்கள் பெருகினால் இடப்பக்கமும் ஒருநாள் வால் வரும்.
அப்போது இதைக் குளிரிலிருந்து எடுத்து
நூறு டிகிரியில் நாள்கணக்காகச் சுட வைக்க வேண்டும்.
இப்போதைக்கு இல்லை.

"நிரம்பிடுச்சு. கையெழுத்து?"
போட்டேன். வண்டி போயிற்று.

பதிவேட்டை எடுத்து
எட்டாம் நாள் வரியை அடித்தேன், மூன்றாம் நாளையும்.
முதல் நாளை விட்டுவிட்டேன்.
வெடி உண்மைதான்.
மணி ஐந்து. தகரம் கிடுகிடுத்தது.